புங்க நிழலும் கூறைப்புடவையும்

கேளுங்கள் பெரியவர்களே, கேளுங்கள் பிள்ளைகளே! ஆறுகளுக்குக்கூட இன்னும் பெயர் வைக்காத காலத்தில், ஒரு ராஜா ஆண்ட பட்டணத்தில் நெசவாளர் தெரு ஒன்று இருந்தது. அதில் மூன்று பெரிய புங்கமரங்கள். அந்த நிழலில்தான் எல்லோரும் பாவு நீட்டுவார்கள். அதாவது, நெய்யப்போகும் நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, நீவி உலர்த்துவார்கள்.

தெருத் தலைவர் அங்கண்ணனுக்கு அந்த மரங்களைக் கண்டாலே ஆகாது. காக்கை எச்சம் விழுகிறதாம், பூ உதிர்கிறதாம், சருகு ஒட்டுகிறதாம். அந்தச் சமயம் பார்த்து, ராஜா மகளுக்குக் கல்யாணக் கூறைப்புடவை நெய்யும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. பௌர்ணமிக்குள் தருவதாக வாக்கும் கொடுத்துவிட்டார். புடவையில் ஒரு கறை பட்டால் மானம் போய்விடுமே! கோடரியை எடுத்தார். தலைவர் அல்லவா, முதலில் தன் வாசல் மரத்தையே வெட்டிச் சாய்த்தார். பிறகு பக்கத்து வீட்டு வேலாத்தாளின் வாசலுக்கு வந்தார்.

வேலாத்தாள் சத்தம் போடவில்லை. "மூணு நாள் பொறுங்கண்ணா. உங்க வாசல்லதான் இப்ப மரமில்லையே, பாவை அங்க நீட்டுங்க. நூல் நல்லபடியா உலர்ந்துச்சுன்னா என் மரத்த நானே வெட்டித் தர்றேன்" என்றாள்.

"அவ்வளவுதானா? சரி தாயி" என்று சிரித்தார் அங்கண்ணன்.

முதல் நாள் வெயில் சுள்ளென்று அடித்தது. நீவுவதற்குள் கஞ்சி காய்ந்து மொடமொடத்தது. இழைகள் பட்பட்டென்று அறுந்தன. அவர் கஞ்சியைக் குறை சொன்னார். இரண்டாம் நாளும் அறுந்தன. நூலைக் குறை சொன்னார். மூன்றாம் நாளும் அறுந்தன. கூட நின்று நீவிய மனைவியைக் குறை சொன்னார். அந்த அம்மாள் வெட்டியது போக வாசலில் மிஞ்சி நின்ற அடிமரத்தைக் கைகாட்டிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

பாவம் அங்கண்ணன்! மிச்சமிருந்தது ஒரே ஒரு பாவுக்கான நூல். பௌர்ணமிக்கோ பத்தே நாள். கூச்சத்தோடு வேலாத்தாள் வாசலில் போய் நின்றார்.

"தாயி, உன் நிழல்ல கொஞ்சம் இடம் தருவியா?"

"தாராளமா நீட்டுங்கண்ணா. காக்கா எச்சம் விழுமே, பரவால்லயா?"

"மேல ஒரு பழைய வேட்டியக் கட்டிக்கறேன்."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. ஒரு பழைய வேட்டி போதுமாயிருந்த இடத்தில் கோடரியை எடுத்துவிட்டோமே! அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டார்.

புடவை பௌர்ணமிக்கு முந்தின நாளே அரண்மனை போய்ச் சேர்ந்தது. என்ன பரிசு வேண்டும் என்று ராஜா கேட்டார். எங்கள் தெரு மரங்களில் இனி யாரும் கோடரி வைக்கக் கூடாது என்று ஓர் ஆணையை மட்டும் கேட்டு வாங்கிவந்தார் அங்கண்ணன். தன் வாசல் அடிமரத்துக்கு நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றினார். அது துளிர்க்கவும் செய்தது. ஆனாலும் ஆயுள் முழுக்க அவர் பாவு நீட்டியது பக்கத்து வீட்டு நிழலில்தான்.

ஆகவே, மரம் தரும் சின்னத் தொல்லைக்காக அது தரும் பெரிய நன்மையை வெட்டிவிடக் கூடாது.