சிரிப்பைப் பார்க்கும் கேமரா

கோபியில் ஜவுளிக்கடை வைத்திருந்த செங்கோட்டுவேலு முதலாளி, கடைக்குள் ஒரு கேமரா மாட்டினார். துணி எடுத்துப் போடும் பெண்கள் சிரித்த முகமாக இருக்கிறார்களா என்று அதிலுள்ள செயற்கை நுண்ணறிவு பார்த்து, அவர் போனுக்குச் சொல்லிவிடும்.

முதல் வாரமே, ஒரு குடும்பத்துக்குத் துணி காட்டும்போது சிரிக்கவில்லை என்று தங்கமணி மாட்டிக்கொண்டாள்.

"அவங்க எழவு வீட்டுக்குக் கோடித்துணி எடுக்க வந்தாங்க. எப்படிங்க சிரிக்கிறது?"

"யார் வந்தாலும் சிரி. இன்னொரு தடவை மெஷின் குறை சொன்னா நீ வேலைக்கே வர வேண்டாம்."

"சரிங்க" என்றாள் தங்கமணி.

அடுத்த மாதம் முதலாளியின் மாமனார் இறந்துபோனார். அவருக்குப் போர்த்தக் கோடி எடுக்க, பங்காளிகளைக் கூட்டிக்கொண்டு முதலாளியே கடைக்கு வந்தார். தங்கமணி வெள்ளை வேட்டியை விரித்துக் காட்டி, பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள்.

"ஏப்பா, உன்ற கடையில இதுதான் மொறையா?" என்றார் ஒரு பங்காளி.

"என்ன புள்ள இளிக்கிறே?" என்று முதலாளி பல்லைக் கடித்தார்.

"கேமரா பாக்குதுங்களே" என்றாள் அவள், சிரிப்பு மாறாமல். "அது கண்ணை மூடினா நானும் வாயை மூடிக்குவனுங்க."

பங்காளிகள் எல்லாரும் முதலாளியையே பார்த்தார்கள். அவர் அந்தக் கோடியை வாங்கிக்கொண்டு ஸ்டூலில் ஏறி, அதைக் கேமராவின் மேல் போர்த்திவிட்டு இறங்கினார்.

மாமனாருக்கு வேறு வேட்டி எடுத்தார்கள்.