மூவாயிரம் காசும் பன்னிரண்டு பிடி மிளகும்

முன்பு எப்போதோ ஒரு காலத்தில், மலைக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு நாடு இருந்தது. எந்த நாடு என்று கேட்காதீர்கள். பெயரைச் சொன்னால் இந்தக் கதையில் வரும் கருவூல அதிகாரியின் வம்சத்தார் என்னிடம் சண்டைக்கு வருவார்கள்.

அந்த நாட்டை ஆண்ட மாறவேள் மன்னருக்கு ஒருநாள் காலை ஓர் ஆசை பிறந்தது. பொன்மூட்டை சுமந்து வந்த காளை ஒன்று அரண்மனை வாசலில் கால் ஒடிந்து விழுந்ததைப் பார்த்துவிட்டார். உடனே சபையைக் கூட்டினார்.

"எனக்குப் பாரமே இல்லாத பணம் வேண்டும். காளையும் சுமக்கக் கூடாது, மனிதனும் சுமக்கக் கூடாது. ஆனால் அதன் மதிப்பு பொன்னைப் போலவே ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டும். யாரால் முடியும்?"

சபையில் இருந்தவர்கள் எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள். விகடகவி உலகளந்தான் மட்டும் எழுந்தார். பெயர்தான் உலகளந்தான்; உயரம் நாலடி. எழுந்தாலும் உட்கார்ந்தாலும் ஒன்றுபோலத்தான் தெரிவார்.

"மகாராஜா, பொன்தானே பாரம்? அது கருவூலத்தில் கிடந்த இடத்திலேயே கிடக்கட்டும். எவ்வளவு யாருடையது என்ற சேதி மட்டும் ஊர் சுற்றட்டும். சேதிக்கு எடை இல்லை."

அப்படிப் பிறந்ததுதான் நிலைக்காசு. கருவூலத்தில் ஒரு வராகன் பொன் இருந்தால் நாட்டில் ஒரு நிலைக்காசு உண்டு. ஒன்று கூடவும் கிடையாது, குறையவும் கிடையாது. அந்தக் காசைக் கையால் தொட முடியாது. பன்னிரண்டு குன்றுகளில் பன்னிரண்டு பெரிய கற்களை நட்டார்கள். ஆளுக்கு ஒரு முத்திரை. யார் முத்திரைக்குக் கீழே எத்தனை காசு என்று பன்னிரண்டு கல்லிலும் பொறித்திருக்கும். நீங்கள் எனக்குக் காசு அனுப்ப வேண்டுமானால் முத்திரை மோதிரத்தைக் களிமண்ணில் பதித்து முதல் குன்றில் கொடுக்க வேண்டும். அங்கே முரசு ஒலிக்கும். அடுத்த குன்று கேட்டுப் பொறித்துவிட்டுத் தானும் முழங்கும், அப்புறம் அதற்கடுத்தது. ஏழு குன்றுகள் பதில் சொன்னால் காசு வந்து சேர்ந்தது என்று அர்த்தம்.

கரையோரத்து ஊர்களுக்கு முரசொலி எட்டாது என்பதால், உலகளந்தான் யோசனைப்படி அங்கே சங்கு ஊதும் மேடைகளும் தனிக் கற்களும் வந்தன. மலைவழி, கடல்வழி என்று இரண்டு வழிகள். காசு ஒன்றே, ஒருவருக்கு முத்திரையும் ஒன்றே. மலைவழிக்குக் கூலி மிளகு, கடல்வழிக்குக் கூலி உப்பு. மன்னர் உலகளந்தானைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாத குறைதான். அதைப் பார்த்துக் கருவூல அதிகாரி அம்பலவாணருக்கு வயிறு எரிந்தது.

மூன்றாம் வருஷம் மழை பொய்த்தது. நகரத்தில் நெல் இல்லை. கஞ்சித் தொட்டியின் முன் வரிசை நின்று நின்று ஜனங்கள் நிழல் மாதிரி ஆகிவிட்டார்கள். அக்கரையிலிருந்து நாச்சியம்மை என்ற வணிகப் பெண்மணி நாற்பது தோணி நெல்லோடு துறைமுகத்துக்கு வந்தாள். விலை மூவாயிரம் காசு. 'கடல்வழியில் அனுப்புக' என்று ஓலையும் கொடுத்துவிட்டாள்.

ஓலை அம்பலவாணர் கைக்குப் போயிற்று. "உப்பை அளந்து கொடுத்து ஊதுகிறவனிடம் நிற்பதா? அரண்மனைப் பணம் அரண்மனை வழியில்தான் போகும்" என்று மூக்கைச் சுளித்துக்கொண்டு, மூவாயிரத்தையும் மலைவழியில் அனுப்பிவிட்டார்.

இரண்டு நாள் கழிந்தது. நாச்சியம்மை சபைக்கு வந்து நின்றாள்.

"மகாராசா, தப்பா நெனைக்கக் கூடாது. தெனமும் துறைமுகக் கல்லைப் போயிப் போயிப் பாக்குறேன். என் நண்டு முத்திரைக்குக் கீழ ஒரு காசு ஏறல. தோணிக்காரங்க கூலி கேட்டு நிக்கிறாங்க. இன்னிக்கி சாயந்தரம் கடல் வத்த ஆரம்பிச்சா நான் பாய் விரிச்சுருவேன். வேற ஊருலயும் பசி இருக்கு."

"பொய்!" என்றார் அம்பலவாணர். "ஏழு குன்றும் முழங்கியதை நான் என் காதால் கேட்டேன். பணம் போய்விட்டது."

"போயிருந்தா வந்திருக்கணும்ல ஐயா? வரலியே!"

இன்றைக்குக் கைப்பேசியில் ஸ்டேபிள்காயின் என்ற மதிப்பு மாறாத மின்காசை அனுப்பிவிட்டு, 'போய்விட்டது' என்று ஒரு திரையும் 'வரவில்லை' என்று இன்னொரு திரையும் சொல்ல, நடுவில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு மன்னரின் நிலைமை நன்றாகப் புரியும். இரண்டு பேரில் யாரோ ஒருவர் திருடர் என்றுதான் முதலில் தோன்றும்.

"மறுபடியும் மூவாயிரம் அனுப்பிவிடலாமா?" என்று கேட்டார் மன்னர்.

"வேண்டாம் மகாராஜா!" என்று உலகளந்தான் பதறினார். "முதலில் போனது எங்கே என்று தெரியாமல் இரண்டாவதை அனுப்பினால் இரண்டையும் தேட வேண்டியிருக்கும்."

அம்பலவாணர் இந்தத் தருணத்துக்காகத்தான் மூன்று வருஷம் காத்திருந்தார். கைகட்டி, குரலைத் தாழ்த்தி, தேனாகப் பேசினார். "அரசே, தொட முடியாத காசை உண்டாக்கியவர் விகடகவி. ஆகவே அவரே கண்டுபிடிக்கட்டும். சூரியன் மறைவதற்குள் அந்த மூவாயிரம் காசும் அரசரின் கண்ணெதிரே இருக்க வேண்டும். வேறு காசு கூடாது, போன அதே காசு. முடியாவிட்டால் அவர் நாட்டை விட்டுப் போகட்டும்."

பசியோடு நிற்கும் நகரத்தை நினைத்து மன்னரின் முகம் கறுத்திருந்தது. "அப்படியே ஆகட்டும்" என்றார்.

உலகளந்தான் தலை வணங்கினார். அம்பலவாணர் பக்கம் திரும்பி, "ஐயா, ஒரே ஒரு கேள்வி. எந்த வழியில் அனுப்பினீர்கள்?" என்றார்.

"அரண்மனை வழியில்."

"நல்லது" என்று சொல்லிவிட்டு உலகளந்தான் வெளியே போனார். கால் நாழிகையில் அரசரின் பல்லக்கும் அதைத் தூக்கும் பன்னிரண்டு பேரும் சபை வாசலில் வந்து நின்றார்கள்.

"இது எதற்கு?" என்றார் மன்னர்.

"காசும் அரசரின் கண்ணும் எதிரெதிரே இருக்க வேண்டும் என்பது உத்தரவு. காசுக்குக் கால் இல்லை மகாராஜா, உங்களுக்குப் பல்லக்கு இருக்கிறது. ஏறுங்கள்."

மன்னருக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ஏறினார். அம்பலவாணரும் நாச்சியம்மையும் பின்னால் நடந்தார்கள். உலகளந்தான் எல்லாருக்கும் முன்னால் ஓடினார். நேராக முதல் குன்றான கணவாய்க் குன்றுக்குப் போனார்கள். மலைவழியும் கடல்வழியும் சந்திக்கும் இடம் அது ஒன்றுதான். ஒரு பக்கம் முரசு, மறுபக்கம் சங்கு. இரண்டு கற்களும் அங்கே அடுத்தடுத்து நின்றன.

மன்னர் இறங்கிப் பார்த்தார். காசை உத்தரவிட்டு உண்டாக்கியவர்தான். ஆனால் ஒருநாளும் கல்லின் பக்கத்தில் வந்து நின்றதில்லை. பனைமர உயரத்துக் கருங்கல், அடியிலிருந்து முடிவரை பொடிப்பொடியான பொறிப்புகள். மூன்று வருஷத்தில் அந்த நாட்டில் ஒருவர் ஒருவருக்குக் கொடுத்தது அத்தனையும் அதில் இருந்தது. குயவன் மகளின் கல்யாணச் சீர் இருந்தது. மன்னரே மறந்துபோன ஒரு தானமும் இருந்தது. அவர் தன்னையறியாமல் செருப்பைக் கழற்றினார்.

உலகளந்தான் ஓரிடத்தில் விரலை வைத்தார். ஒரு நண்டு. அதன் கீழே மூவாயிரம்.

"ஐயையோ!" என்று நாச்சியம்மை வாயைப் பொத்திக்கொண்டாள். "என் முத்திரையேதான்! நான் இந்த மலைக்கு வந்ததே இல்லியே, இங்க எப்பிடி?"

"முரசு எந்த முத்திரையைச் சொன்னாலும் கல் பொறித்துக்கொள்ளும், தாயே. இது யார், எந்த வழியில் காத்திருக்கிறார் என்று அது கேட்காது. நீங்களும் பொய் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. நீங்கள் பார்த்தது கடல் கல்லை. இவர் அனுப்பியது மலைக் கல்லுக்கு. முத்திரை சரியாக இருந்ததே உங்கள் அதிர்ஷ்டம். நண்டுக்கு ஒரு கால் குறைந்திருந்தால் காசு யாருக்குப் போயிருக்குமோ!"

தோல்வி தெரிந்ததும் அம்பலவாணர் அவசரப்பட்டார். "அரசே, பிழையென்றால் இதை அழித்துவிட்டுக் கடல் கல்லில் எழுதச் சொன்னால் போகிறது! உங்கள் ஆணைக்கு ஒரு கல்லா பெரிது?"

மன்னர் முரசடிப்பவரைப் பார்த்தார். வீரணன் என்ற அந்த நரைத்த மனிதர் கும்பிட்டார். "அழிக்கச் சொன்னா அழிக்கிறேன் சாமி. ஆனா விடிஞ்சா மத்த பதினோரு குன்றும் அவங்கவங்க கல்லைப் பாத்து முழங்கும். நான் திரும்பப் பொறிச்சுதான் ஆகணும். நீங்க போட்ட சட்டம்தான்."

படையை நகர்த்தும் தம் வாய்ச்சொல் இந்தக் கல்லில் ஒரு நண்டைக்கூட நகர்த்தாது என்பது மன்னருக்கு அப்போதுதான் உறைத்தது. அவமானமாக இருக்கவில்லை. கோயில் கோபுரத்தின் அடியில் நிற்பதைப்போல மனம் ஒடுங்கி நின்றார்.

"அப்படியானால் வழி?"

"இருக்கிறது. நாச்சியம்மை தம் மோதிரத்தைப் பதித்தால் மூவாயிரத்தையும் மலைக் கல்லில் பூட்டிவிடுவார்கள். ஏழு குன்று சாட்சி சொன்னதும் அதே மூவாயிரத்தைக் கடல் கல்லில் திறந்துவிடுவார்கள். இங்கே பூட்டாமல் அங்கே திறக்கமாட்டார்கள், பொன் ஒன்றுதானே! கூலி மட்டும் கொடுக்க வேண்டும். பன்னிரண்டு குன்றுக்குப் பன்னிரண்டு பிடி மிளகு."

நாச்சியம்மை மோதிரத்தைப் பதித்தாள். ஆனால் மிளகு? அவள் உப்புதான் கொண்டுவந்திருந்தாள்.

"கூலிக்கு அந்த மூவாயிரத்திலேயே முப்பதை எடுத்துக்கொள்" என்றார் அம்பலவாணர்.

வீரணன் தலையை ஆட்டினார். "முப்பதை எடுக்கவும் ஒரு முரசு அடிக்கணுமே ஐயா. அதுக்குக் கூலி யாரு குடுப்பா?"

மன்னர் கழுத்து முத்துமாலையைக் கழற்றினார். "இதை மென்னுக்கிட்டு மலையேற முடியாது சாமி" என்று வீரணன் பணிவாக மறுத்துவிட்டார். கீழே கடல் தெரிந்தது. தோணிக்காரர்கள் பாய்மரக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். மூவாயிரம் காசு கண்முன்னே இருக்கிறது. அதை இரண்டடி நகர்த்த ஒரு பிடி மிளகுக்கு வக்கில்லாமல் ஒரு ராஜ்ஜியமே நின்றது.

உலகளந்தான் பல்லக்குத் தூக்கிகளிடம் போனார். மலையேறும்போது மூச்சு வாங்காமல் இருக்க அவர்கள் மிளகு மெல்லுவது வழக்கம். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு சின்ன முடிச்சு உண்டு.

"மகாராஜா, இவர்களிடம் இருக்கிறது. ஆனால் மூச்சுக்காக வைத்திருப்பதை நான் கேட்டால் தரமாட்டார்கள். நீங்கள் கேளுங்கள்."

மாறவேள் மன்னர் மேலாடையை விரித்து, தம்மைத் தூக்கி வந்தவர்கள் முன்னால் ஒவ்வொருவராகப் போய் நின்றார். "ஊர் பசியோடிருக்கிறது. ஒரு பிடி கொடுங்கள்" என்றார். முதல் ஆள் முடிச்சை அவிழ்த்து அப்படியே கொட்டினார். பன்னிரண்டு முடிச்சும் காலியாயிற்று.

முரசு முழங்கியது. தூரத்தில் இரண்டாம் குன்று பதில் சொன்னது. மூன்று. நான்கு. ஐந்து. ஆறு.

அப்புறம் அமைதி.

"ஏன் நின்றுவிட்டது? மறுபடி அடி!" என்றார் மன்னர்.

"பொறுங்கள் மகாராஜா. ஏழாவது குன்று தொலைவு. அவர்கள் பொறித்துவிட்டுத்தான் முழங்குவார்கள்."

கீழே முதல் தோணி பாய் விரித்தது. மன்னர் கண்ணை மூடிக்கொண்டார். அப்போது மிக மெல்ல, நெஞ்சுக்குள் கேட்பது மாதிரி, ஏழாவது முரசு கேட்டது. வீரணன் மலைக் கல்லில் மூவாயிரத்தைப் பூட்டினார். பக்கத்துக் கல்லில் நண்டின் கீழே மூவாயிரம் ஏறியது. நாச்சியம்மை மடியிலிருந்த உப்பை எடுத்துக் கொடுக்க, சங்கு ஒலித்தது. கரையோரமெங்கும் சங்குகள் பதில் சொல்லிக்கொண்டே போயின. விரித்த பாய் சுருண்டது. தோணிகள் கரைக்குத் திரும்பின. நாச்சியம்மை அழுதுவிட்டாள், மன்னரும்தான், ஆனால் அதைச் சொல்லக் கூடாது.

அன்று இரவே நகரத்தில் உலை கொதித்தது. மிளகு கொடுத்தவர்களுக்கு மூச்சு வாங்குமே என்று மன்னர் மலையிலிருந்து நடந்தே இறங்கினார். பல்லக்கு காலியாக வந்தது. அம்பலவாணருக்குப் புது வேலை கிடைத்தது. அன்றுமுதல் கணவாய்க் குன்றில் உட்கார்ந்து, காசு அனுப்ப வருகிற ஒவ்வொருவரிடமும் "எந்த வழி?" என்று கேட்க வேண்டும்.

அடிவாரத்தில் மன்னர் உலகளந்தானைக் கட்டிக்கொண்டார். கட்டிக்கொள்ளக் குனிய வேண்டியிருந்தது. "உமக்கு ஆயிரம் நிலைக்காசு பரிசு. இப்போதே அனுப்புகிறேன்!"

"கருணை மகாராஜா. ஆனால் ஒரு விண்ணப்பம். முதலில் ஒரே ஒரு காசு அனுப்புங்கள். அது என் முத்திரைக்கு வந்து சேரட்டும், நான் கண்ணால் பார்த்துச் சொல்கிறேன். அப்புறம் மீதியை அனுப்பலாம்."

மன்னர் ஒரு கணம் விழித்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே அரண்மனையிலிருந்து மிளகு வரவழைத்து, மோதிரத்தைப் பதித்துக் குன்றுக்கு அனுப்பினார். ஒரு காசு. முதல் குன்று முழங்கியது. மூவாயிரத்துக்கு எப்படி முழங்கியதோ அப்படியே, ஒரு தட்டுகூடக் குறையாமல், பன்னிரண்டு மலைகளும் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து அந்த நாலடி மனிதரின் முத்திரையை வானம் அதிரச் சொல்லிவிட்டுப் போயின. கேட்டுக்கொண்டிருந்த மன்னருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அவர் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கடைசி முரசு அடங்கும்வரை நின்றார். அதன் பிறகுதான் மீதித் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதை அனுப்பினார்.