கயிற்றில் கட்டிய சங்கு

கடலோரக் குடிலில் சாமி ஒருவர் இருந்தார். அவரிடம் ஒரே ஒரு சீடர். பெயர் பொன்னுலிங்கம். சாமியைவிட அவருக்கு நான்கு வயது கூடுதல்.

ஒருநாள் அந்தி சாயும் நேரத்தில், கடலுக்கு அப்பால் வானத்திலிருந்து ஒரு வெளிச்சம் இறங்குவதைப் பொன்னுலிங்கம் பார்த்துவிட்டார். அதன்பின் அவருக்குச் சோறு இறங்கவில்லை. வானம் தெரியும் இடத்தில் நிற்கவே பயந்தார். விடிந்ததும் சாமியிடம் வந்தார்.

"சாமி, ஒண்ணு கேக்கணும். பதிலைப் பொறுத்துத்தான் நான் இங்க இருக்கிறதும் ஊருக்குப் போறதும்."

"ஊர்ல வானம் இல்லையா? சரி, கேளுங்க."

"மேல எங்கயாவது அறிவுள்ள உயிர் இருந்தா, அது நம்மள மாதிரியே இருக்குமா? ரெண்டு கை, ரெண்டு கண்ணுன்னு இருந்தா எனக்குப் பயமில்ல. வேற உருவமா இருந்தா... நினைக்கவே பயமா இருக்கு."

சாமி எழுந்து கரைக்கு நடந்தார். பொன்னுலிங்கம் தலையைத் தூக்காமல் பின்னாலேயே போனார்.

அங்கே இருதயம் என்ற மீனவர் முழங்கால் தண்ணீரில் நின்று கயிறு இழுத்துக்கொண்டிருந்தார். கயிறு நெடுக, இரண்டு முழத்துக்கு ஒன்றாக, காலிச் சங்குகள் கட்டியிருந்தன. பேய்க்கணவாய் என்னும் ஆக்டோபஸைப் பிடிக்கிற கயிறு அது. இரை கிடையாது, தூண்டில் முள் கிடையாது. பாறைக்குப் பக்கத்தில் சங்கைக் கிடத்தினால் போதும். குடியிருக்க இடம் என்று அதுவே உள்ளே போய்ச் சுருண்டுகொள்ளும்.

இருதயம் ஒரு சங்கை உலுக்கினார். எட்டுக் கைகளோடு ஒன்று வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. பொன்னுலிங்கம் துள்ளிப் பின்வாங்கினார்.

"என்ன அண்ணாச்சி, உலகத்தையே துறந்தவரு, கணவாய்க்கு இந்த ஓட்டம் ஓடுறீக?" என்று இருதயம் சிரித்தார்.

"இதுக்குப் புத்தி உண்டா?" என்று சாமி கேட்டார்.

"நல்லாக் கேட்டீக சாமி. கூடையில போட்டா மூடியைத் தூக்கிட்டுப் போயிரும். ஆளையே அடையாளம் வச்சிருக்கும்."

பொன்னுலிங்கம் பார்த்தார். எலும்பில்லாத அந்த உடம்பில் கண் மட்டும் அசையாமல் இருந்தது. அது அவரையே பார்த்தது. மனிதன் பார்ப்பதுபோலப் பார்த்தது.

"விட்டுருங்க," என்றார்.

சாமி தலையசைத்தார். இருதயம் அதைத் தண்ணீரில் விட்டார்.

தண்ணீர் தெளிந்து கிடந்தது. அருகே பாறையும் அதில் பொந்துகளும் இருந்தன. கயிற்றின் அடுத்த சங்கும் அங்கேயே கிடந்தது. கணவாய் பாறையைத் தடவிப் பார்த்தது. பிறகு சங்கின் பக்கம் திரும்பி, ஒவ்வொரு கையாக உள்ளே இழுத்துக்கொண்டது.

"சாமி! மறுபடியும் அதுக்குள்ளயே போகுதே!"

"வீடு மாதிரி இருக்கே."

"நாம மேல நிக்கிறது அதுக்குத் தெரியலையா?"

"தெரியும். நம்மளப் பாத்துப் பயந்துதான் உள்ள போகுது."

இருதயம் கயிற்றை இழுத்தார். சங்கு மணலை விட்டு எழும்பி, மெல்ல மேலே வந்தது.

பொன்னுலிங்கம் மேலே வரும் சங்கையே பார்த்தார்.

"அப்போ, வர்றவங்க நம்மள மாதிரியே இருக்கணும்னு நான் ஆசைப்பட்டது... அது தெரிஞ்சா, அந்த உருவத்தையே சங்கா வச்சு நம்மளப் பிடிச்சிருவாங்களே!"

சாமி வானத்தை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மெதுவாச் சொல்லுங்க."