ஐந்தறிவோடு பெண் பார்க்கப் போனவர்கள்

மொண்ணையூரை வரைபடத்தில் தேடவேண்டாம். படம் வரைய வந்த அதிகாரி வழி கேட்டபோது ஊரே கூடி வழி சொன்னது. அவர் அப்படியே பக்கத்து மாவட்டத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அந்த ஊரில் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடுகிறவன் சடையாண்டி. வயது முப்பத்தாறு. தங்கமான ஆள். காலையில் மோட்டார் போட்டு, தொட்டி நிறைந்ததும் நிறுத்திவிட்டு, மிச்ச நேரமெல்லாம் தனக்கு ஏன் இன்னும் பெண் அமையவில்லை என்று யோசித்துக்கொண்டிருப்பான். ஒரு வழியாகத் தேத்தாம்பட்டியிலிருந்து, வந்து பெண்ணைப் பாருங்கள் என்று தகவல் வந்தது. வந்த நேரம்தான் சரியில்லை. அதற்கு முந்தின வாரம்தான் ஊருக்குள் அறிவு வந்திருந்தது.

பட்டணத்திலிருந்து ஒருவர் வந்து மனித அறிவைப் பற்றிப் பயிலரங்கம் நடத்தினார். மதியம் தக்காளி சாதம் என்று அறிவித்திருந்ததால் கூட்டத்துக்குக் குறைவில்லை. சாப்பிட்டதும் முக்கால்வாசிப் பேர் எழுந்து போனார்கள். எழுந்திருக்க முடியாத அளவுக்குச் சாப்பிட்ட ஆறு பேர் மட்டும் மிஞ்சினார்கள். அவர் அந்த ஆறு பேருக்கும் கேள்வித்தாள் கொடுத்து, திருத்தி, ஆளுக்கொரு சீட்டும் எழுதிக் கொடுத்தார்.

அறிவு ஒன்றல்ல, பல வகை என்றார் அவர். ஒருவருக்குச் சொல்லில் இருக்கும், இன்னொருவருக்குக் கையில் இருக்கும், எதுவும் மட்டமில்லை என்றார். எல்லாம் நல்ல பேச்சுத்தான். கடைசியாகச் சொன்ன ஒரு வாக்கியத்தில்தான் வினை புகுந்தது. "அவங்கவங்க அறிவை அவங்கவங்க பயன்படுத்துங்க, ஊர் முன்னேறும்" என்று சொல்லிவிட்டு மூன்று மணி பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டார்.

ஆறு பேரும் அன்று மாலையே கூடிப் பேசி அதற்குப் பொருள் கண்டார்கள். அவரவர் அறிவை அவரவர் பயன்படுத்துவது என்றால், அடுத்தவன் அறிவைத் தொடக்கூடாது. தொட்டால் அது திருட்டு.

சடையாண்டியின் தாய்மாமன் தவசிக்கு எண்ணறிவு. மொக்கைச்சாமிக்குச் சொல்லறிவு. பரமனுக்குக் கையறிவு. பக்கத்துத் தெருவுக்குப் போனாலும் வழி தப்பிவிடுகிற ஒச்சப்பனுக்குத் திசையறிவு. பேயாண்டிக்குப் பிறர் மனதை அறியும் அறிவு. சடையாண்டியின் சீட்டில் 'தன்னை அறியும் அறிவு' என்று இருந்தது. இரண்டு நாள் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, தன் இடது காது வலது காதைவிடக் கொஞ்சம் பெரிது என்று அறிந்துகொண்டான்.

மறுநாளே ஊர் முன்னேறத் தொடங்கியது. மோட்டார் சுவிட்சைத் தட்டுவது கைவேலை என்பதால் பரமன் தட்டினான். தொட்டி நிறைகிற நாற்பது நிமிடத்தைத் தவசி எண்ணினார். எண்ணி முடித்ததும் பரமனிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் சொல்வது மொக்கைச்சாமியின் அறிவு. மொக்கைச்சாமியோ முடிவெட்டிக்கொள்ளப் போயிருந்தார். அவர் தலை பளபளவென்று திரும்பி வந்தபோது தெருவில் முழங்காலளவு தண்ணீர் நின்றது. பரமன் அதுவரை சுவிட்சிலிருந்து விரலை எடுக்கவில்லை.

இந்த நிலையில்தான் பெண் பார்க்கப் புறப்பட்டார்கள். பேயாண்டியின் எருமை கன்று போடுகிற நாள் என்பதால் அவர் வரவில்லை. மற்ற ஐந்து பேரும் வெள்ளை வேட்டி கட்டி பஸ் ஏறினார்கள். வேட்டியை ஐந்து பேருக்கும் பரமனே கட்டிவிட்டான்.

பஸ் ஏறியதும் ஒச்சப்பன் தூங்கிவிட்டார். முக்கால் மணி நேரத்தில் தேத்தாம்பட்டி வந்தது. சடையாண்டி ஜன்னல் வழியே பார்த்தான். நிறுத்தத்தில் ஊர்ப்பெயர் எழுதிய பலகை இருந்தது. அதன் கீழே பெண்ணின் அப்பா பூவலிங்கம் குடையோடு நின்று கையாட்டினார்.

"மாமா, ஊர் வந்துருச்சு" என்றான்.

தவசி அவனை வருத்தத்தோடு பார்த்தார். "ஊர் வந்துருச்சா வரலையான்னு ஒச்சப்பன்ல சொல்லணும். உனக்கு உன்னையத் தெரியும், அதோட நிறுத்திக்க மாப்ள."

"அவரு தூங்குறாரே."

"எப்ப எந்திரிக்கணும்னு அவருக்குத் தெரியாதா?"

மரியாதைக்கு ஐந்து பேரில் நான்கு பேர் பூவலிங்கத்துக்குக் கையாட்டினார்கள். பஸ் போய்விட்டது. கடைசி நிறுத்தத்தில் கண்டக்டர் தட்டி எழுப்பியதும் ஒச்சப்பன் சுற்றுமுற்றும் பார்த்து, "தாண்டி வந்துட்டோம்" என்றார். அவருடைய திசையறிவை மற்றவர்கள் பஸ் நிலையம் முழுக்க மெச்சிக்கொண்டே நடந்தார்கள்.

இரண்டு மணி நேரம் பிந்தித் தேத்தாம்பட்டிக்கு வந்து சேர்ந்தார்கள். பூவலிங்கம் நல்ல மனிதர், ஒன்றும் கேட்கவில்லை. வீட்டின் முன்பகுதியில், எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் 'காயில்' கட்டுகிற கடை, பின்னால் குடியிருப்பு. காயில் கட்டுவது அவர் அல்ல, பெண்தான். பவளம் என்று பெயர். முப்பது வயது. வேலையை முடித்துவிட்டு அப்போதுதான் கையில் இருந்த வார்னிஷைத் துடைத்துக்கொண்டு வந்து, பஜ்ஜித் தட்டை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். சடையாண்டி தன்னை அறிந்தான். அவனுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

பஜ்ஜியை யாரும் தொடவில்லை. பரமன் எழுந்து, ஒவ்வொன்றாகப் பிய்த்து, சட்னியில் தோய்த்து, வரிசையாக வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்த நான்கு பேருக்கும் ஊட்டினான். பெண்ணின் அத்தைகள் இரண்டு பேர் கதவிடுக்கில் நின்று இதைப் பார்த்துவிட்டு, ஏதாவது நேர்த்திக்கடனாக இருக்கும் என்று பேசிக்கொண்டார்கள்.

பூவலிங்கம் மெதுவாக மாப்பிள்ளையின் வயதைக் கேட்டார். வயது எண் என்பதால் எல்லாரும் தவசியைப் பார்த்தார்கள். தவசி கண்ணை மூடி, விரலை மடக்கி, வெகுநேரம் கணக்குப் போட்டார்.

"எரநூத்தி முப்பத்தாறு" என்றார்.

பூவலிங்கம் மாப்பிள்ளையைத் தலை முதல் கால் வரை பார்த்தார்.

"அஞ்சு பேருக்கும் சேத்து. பிரிச்சுச் சொன்னா அவனைப் பத்திச் சொன்ன மாதிரி ஆயிரும். அது அவன் அறிவு" என்று தவசி விளக்கினார்.

பூவலிங்கம் அடுத்து மாப்பிள்ளையின் வேலையைக் கேட்டார். அது சொல்லில் விளக்கவேண்டிய விஷயம். மொக்கைச்சாமி தொண்டையைச் செருமி, தினசரி நாள்காட்டியில் படித்துப் பழகிய குரலில், "நீரின்றி அமையாத உலகுக்கு நித்தமும் நீர் ஏற்றுபவர்" என்றார். பூவலிங்கம் அதை மழைத் துறை அதிகாரி என்று எடுத்துக்கொண்டார். அப்படி ஒரு துறை இருக்கிறதா என்று கேட்க அவருக்குக் கூச்சமாக இருந்தது.

இந்த நேரத்தில்தான் கடைப்பக்கம் புகை வந்தது.

வார்னிஷ் அடித்த காயில் காய்வதற்காக, பக்கத்தில் பெரிய குண்டு பல்பை எரியவிட்டுச் சாக்கால் மூடி வைத்திருந்தாள் பவளம். இரண்டு மணி நேரம் பிந்தி வந்த விருந்தாளிகளைக் கவனித்ததில் அதை அணைக்க விட்டுப்போயிற்று. சாக்கு கருகி, ஓரத்தில் தீப் பிடித்தது. பக்கத்தில் வார்னிஷ் டின், மேலே கூரைத் தட்டி.

ஒச்சப்பன்தான் முதலில் பார்த்தார். "தென்கிழக்கு" என்றார். "அக்கினி மூலை. நெருப்பு அங்கதான் இருக்கணும். வாஸ்துப்படி கச்சிதமா இருக்கு."

தவசி தீ நாக்குகளை எண்ணத் தொடங்கினார். ஏழு என்று சொல்லும்போது ஒன்பதாகிவிட, மறுபடி முதலிலிருந்து எண்ணினார். மொக்கைச்சாமி கத்துவதற்கு வாயைத் திறந்துவிட்டு, இதைத் தீ என்பதா நெருப்பு என்பதா என்று நிதானித்தார். அந்தத் திறந்த வாயில் பரமன் ஒரு பஜ்ஜியை வைத்தான்.

சடையாண்டிக்கு அந்த நேரத்தில் சீட்டு ஞாபகம் வரவில்லை. ஓடினான். முதலில் பிளக்கைப் பிடுங்கினான். பிறகு வார்னிஷ் டின்னைக் காலால் தள்ளிவிட்டு, எரிகிற சாக்கை ஒரு கம்பியால் இழுத்துத் தெருவில் இருந்த மாட்டுத் தொட்டிக்குள் போட்டான். புகை அடங்கியதும் இரண்டு கையையும் பார்த்தான். அப்போதுதான் அவனுக்குச் சீட்டு ஞாபகம் வந்தது. பரமனின் அறிவைப் பட்டப்பகலில், நான்கு பேர் கண் முன்னால் திருடியிருந்தான்.

அங்கேயே விசாரணை நடந்தது. தவசிக்கு மருமகன் மேல் பாசம்தான், ஆனால் நியாயம் என்று ஒன்று இருக்கிறதே.

"யோசிச்சுத்தான் செஞ்சியா?" என்று கேட்டார்.

"இல்ல மாமா. எதையுமே யோசிக்கல."

நான்கு பேரும் ஒதுங்கி நின்று வெகுநேரம் ஆலோசித்தார்கள். பிறகு மொக்கைச்சாமி தீர்ப்பைச் சொன்னார். "எந்த அறிவையும் உபயோகிக்காமல் தீயை அணைத்திருப்பதால் திருட்டு இல்லை. அறிவில்லாமல் செய்த காரியம். மன்னிக்கப்பட்டது."

பவளம் இதையெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தபடி நின்றாள். தீயைப் பார்த்ததும் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்களைத்தான் இதுவரை அவள் கண்டிருந்தாள். கரண்டை முதலில் நிறுத்துகிற ஒருவனை இன்றைக்குத்தான் பார்க்கிறாள். அப்பாவின் காதில் ஏதோ சொல்ல, அவர் அவளை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டுச் சரி என்று தலையாட்டினார். அவள் நேரே வந்து எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு."

சடையாண்டிக்குக் காது இரண்டும் சூடாயின, இடது காது கூடுதலாக. அவன் மாமாவைப் பார்த்தான்.

"நீ சொல்றது காதுல விழுகுது தாயி" என்றார் தவசி, மிகுந்த மரியாதையோடு. "ஆனா அடுத்தவங்க மனசுல இருக்கிறதைத் தெரிஞ்சுக்கிற அறிவு எங்க அஞ்சு பேர்கிட்டயும் இல்ல. ஆறாவது அறிவை ஊர்லயே விட்டுட்டு வந்துட்டோம். அது எருமைக்குப் பிரசவம் பாத்துக்கிட்டு இருக்கு."

"அதான் வாயால சொல்லிட்டேனே."

"சொல்லிட்டே தாயி. அது என்னன்னுதான் எங்களுக்குத் தெரியாது."

மூன்றாம் நாள் ஆறாவது அறிவைக் கூட்டி வந்தார்கள். பேயாண்டி பவளத்தின் எதிரே உட்கார்ந்து, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்து, அவள் முகத்தையே கால் மணி நேரம் பார்த்தார். சடையாண்டி உட்கார முடியாமல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இந்தப் பிள்ளைக்கு நம்மள்ல யாரையோ பிடிச்சிருக்கு" என்றார் கடைசியில். "யாருன்னுதான் தெரியல."

அவள் கண் போகிற திசையை ஒச்சப்பன் குனிந்து, நிமிர்ந்து, கைவிரலை நீட்டிப் பார்த்து வடமேற்கு என்று கண்டுபிடித்தார். வடமேற்கில் ஒரு தூணும் சடையாண்டியும் இருந்தார்கள். தூணுக்கு ஏற்கெனவே வீடு இருப்பதால், இருக்கிறவர்களில் சடையாண்டிதான் பொருத்தம் என்று முடிவாயிற்று. தை மாதத்தில் மொண்ணையூரிலேயே கல்யாணம் என்று நாள் குறித்தார்கள்.

முகூர்த்தம் வரைக்கும் ஒரு குறையும் இல்லை. தாலியை எடுத்து நீட்டியபோதுதான் மேளம் நின்றது. தாலி கட்டுவது கைவேலை. பரமன் கட்டவேண்டும். ஆனால் பரமன் கட்டினால் பரமன்தான் மாப்பிள்ளை. பரமனுக்கு ஏற்கெனவே பெண்டாட்டி உண்டு, அவள் முன்வரிசையிலேயே உட்கார்ந்து பரமனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போதாக்குறைக்கு, முடிச்சு மூன்று என்பது எண். தவசி கட்டவேண்டுமோ என்றும் ஒரு கருத்து எழுந்தது. நல்ல நேரம் முடிய நான்கு நிமிடம் இருக்கும்போது, இன்னும் மூன்று பேர் பேசவேண்டியிருந்தது. சடையாண்டி தன்னை அறிந்தான். அவனுக்கு அழுகை வந்தது.

பவளம் இரண்டு நிமிடம் பொறுத்தாள். பிறகு, "சீட்டே வாங்காத கை ஒண்ணு இங்க இருக்கு, பரவாயில்லையா?" என்று கேட்டாள். அதில் தப்பில்லை என்று ஆறு பேரும் ஒருமனதாகச் சொன்னார்கள். அவள் தாலியை வாங்கி, காயில் கட்டிப் பழகிய விரலால் சடையாண்டியின் கழுத்தில் மூன்று முடிச்சுப் போட்டாள். தவசி குனிந்து எண்ணிப் பார்த்து, சரியாக இருக்கிறது என்றார். மேளம் கொட்டியது. சடையாண்டி கால் கட்டைவிரலால் தரையில் கோலம் போட்டான்.

தாலி யார் கழுத்தில் ஏறுகிறதோ அவர்தானே புகுந்த வீட்டுக்குப் போகவேண்டும். அதில் மொண்ணையூரில் இரண்டு கருத்து இல்லை. சாயங்காலம் பெட்டி படுக்கையோடு சடையாண்டியைத் தேத்தாம்பட்டி வேனில் ஏற்றினார்கள். ஊரே நின்று அழுதது. வேன் புறப்படும்போது மொக்கைச்சாமி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து, பூவலிங்கத்தின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"சம்பந்தி, செல்லமா வளர்த்த பிள்ளை. சமைக்கத் தெரியாது. கண்கலங்காம பாத்துக்கங்க."