சன்னலுக்குக் கீழே ஆறுமணிக்குருவி

"டீச்சர், குருவி வாயை மூடிட்டுது. நான் என்ன தப்பு செஞ்சேன்?"

வாசற்படியிலேயே நின்றுகொண்டு பூதலிங்கம் கேட்டார். வந்தவரை உள்ளே அழைக்கவும் மறந்துபோனார்.

தோளில் காமிராப் பையோடு வந்த ஆசிரியை ஞானசுந்தரி செருப்பைக் கழற்றினார்.

"எந்தக் குருவி அண்ணாச்சி?"

"எந்தக் குருவியா? நம்ம ஆறுமணிக்குருவிதான்!"

பூதலிங்கம் சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்லூரியில் விலங்கியல் கற்பிக்கும் ஞானசுந்தரிக்கு அவருடைய மகளின் வயது. ஆயினும், பறவைகளைப் படம் பிடிக்க அவரிடம் பாடம் கேட்கத் தொடங்கிய நாள்முதல், பூதலிங்கம் அவர்முன் நாற்காலியின் நுனியில்தான் அமர்வார்.

முதற்பாடத்தின்போதே ஆசிரியை அவர் கையிலிருந்த காமிராவை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டார். தோட்டத்தில் வெறுமனே உட்காரச் சொன்னார்.

"எவ்வளவு நேரம் டீச்சர்?"

"நீங்க உக்காந்திருக்கதை அதுக மறக்குத வரைக்கும்."

அவ்வளவுதான் பாடம்.

பூதலிங்கத்தின் வீட்டுத் தோட்டம் இலஞ்சியில், மலையடிவாரத்தில் இருந்தது. குளிர்காலந்தோறும் வடக்கேயிருந்து ஓர் ஆறுமணிக்குருவி வந்து, பலாமரத்தடிச் சருகுகளுக்கிடையே தங்கும். பச்சை முதுகும் சிவந்த அடிவயிறும் உடையது. விடியும்போதும் பொழுது சாயும்போதும், ஆறு மணியையொட்டி, இரண்டே சுரத்தில் சீழ்க்கையடிக்கும். குரலைக் கேட்டவர் பலர். உருவத்தைக் கண்டவர் சிலர்.

இந்த ஆண்டு அதன் குரலுக்கு ஒரு புதிய உறவு வாய்த்திருந்தது.

பூதலிங்கத்தின் மனைவி உலகம்மாள் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, கட்டிலோடு கிடந்தாள். கட்டிலின் இரும்புச் சட்டத்தில் பூதலிங்கம் தம் பழைய சைக்கிளின் மணியைக் கழற்றிப் பொருத்தியிருந்தார். மணி ஒலித்தால், எங்கிருந்தாலும் ஓடி வருவார்.

"நாளெல்லாம் மோட்டுவளையைப் பாத்துட்டுக் கிடக்கேன்" என்று அவள் ஒருநாள் சொன்னாள். "சாயங்காலம் அது ஒரு குரல் கொடுத்தாத்தான் எனக்குப் பொழுது முடியுது. அது எப்படித்தான் இருக்கும்?"

"படம் பிடிச்சுக் காட்டுதேன்" என்றார் பூதலிங்கம்.

சொன்னபடியே காட்டியும் விட்டார். ஆனால் அதற்குப் பிறகு பறவை குரல் கொடுக்கவேயில்லை.

"படத்தைக் கொண்டாங்க, பாப்போம்" என்றார் ஆசிரியை.

பூதலிங்கம் பெரிதாக அச்சிட்டு வைத்திருந்த படத்தைக் கொண்டுவந்து நீட்டினார். பறவை உடலைத் தாழ்த்தி, சிறகை விரித்து, அலகைத் திறந்து நின்றது. ஒவ்வோர் இறகும் துலங்கியது.

ஆசிரியை நெடுநேரம் பார்த்தார்.

"தெளிவா வந்திருக்கு."

பூதலிங்கத்தின் முகம் மலர்ந்தது. "பாடிக்கிட்டே ஆடுது, பாத்தியளா டீச்சர்?"

"எப்படி வெளியே வந்தது?"

மலர்ந்த முகம் சற்றே சுருங்கியது.

"அது வந்து... காலையில பனியில உக்காந்து உக்காந்து இருமல்தான் மிச்சம். ஒருநாள் முதுகு தெரிஞ்சுது. ஒருநாள் அதுவும் இல்ல. போன்ல அது குரலைப் பிடிச்சு வச்சிருந்தேன். அதைப் போட்டேன். ஓடியே வந்துட்டுது."

"ஒரு தடவை போட்டியளா?"

"முதல் தடவை படம் ஆடிட்டுது."

"ரெண்டாவது தடவை?"

"வெளிச்சம் பத்தல."

ஆசிரியை கேட்காமலேயே பூதலிங்கம் குரலைத் தாழ்த்திக்கொண்டு தொடர்ந்தார்.

"அப்புறம் அது கூப்பிடதே இல்ல. இவ ஆறு மணியானா சன்னலையே பாக்கா. எனக்கு மனசு கேக்கல. சன்னலுக்குக் கீழ குத்தவச்சு உக்காந்து, போன்ல அந்தக் குரலைப் போட்டேன்."

"தினமுமா?"

"தினமும்தான். அவளுக்குத் தெரியாது. நீங்க சொல்லிராதீங்க டீச்சர்."

ஆசிரியை படத்தை மேசைமீது கவிழ்த்து வைத்தார்.

"ஒரு காப்பி போடுங்க அண்ணாச்சி. நான் அக்காவைப் பாத்துட்டு வாரேன்."

"கேட்டதுக்குப் பதில் சொல்லலையே?"

"சீனி குறைச்சலா."

பூதலிங்கம் அடுப்பில் பாலை வைத்தார். உள்ளறையில் இருவரும் பேசும் ஓசையும், பிறகு உலகம்மாளின் சிரிப்பும் கேட்டன. அவள் சிரித்து நாளாயிற்று என்று எண்ணிக்கொண்டே காப்பித்தூள் டப்பாவைத் திறந்தார்.

கிணிங்! கிணிங்!

கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினார்.

"என்னளா, என்ன வேணும்?"

"எனக்கா? ஒண்ணும் வேண்டாமே" என்றாள் உலகம்மாள். ஆசிரியை நாற்காலியில் அமர்ந்து சன்னல்வழியே பலாமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கை பட்டிருக்கும் என்று நினைத்துப் பூதலிங்கம் திரும்பினார். இன்னும் அடுக்களைக்குள் கால்கூட வைக்கவில்லை.

கிணிங்! கிணிங்!

மறுபடியும் ஓடினார். கதவு நிலையில் முழங்காலை இடித்துக்கொண்டார்.

"வலிக்கா? திருப்பிப் படுக்க வைக்கட்டுமா?"

"எனக்கு வலிக்கல. உங்களுக்குத்தான் வலிக்கும்போல" என்றாள் அவள். முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொண்டாள்.

பூதலிங்கம் ஐயத்தோடு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஆசிரியையின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முழங்காலைத் தடவியபடியே போய், பாலை இறக்கக் கை நீட்டினார்.

கிணிங்! கிணிங்! கிணிங்! கிணிங்!

இம்முறை பாலையும் மறந்தார். கதவு நிலையை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு, வாய் திறந்தபடி அறைக்குள் தலையை நீட்டினார்.

க்ளிக்.

ஆசிரியை காமிராவைக் கண்ணிலிருந்து இறக்கினார். அவருடைய மற்றொரு கை இன்னும் மணியின்மேல் இருந்தது.

உலகம்மாளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஐயோ ஞானம், இடுப்பு வலிக்கு. போதும்."

"டீச்சர்! நீங்களா அடிச்சிய?"

"நான்தான்."

"எதுக்கு?"

"ஒரு படம் வேணும்னு தோணுச்சு."

"கூப்பிட்டா வந்து நிக்கமாட்டேனா? இதுக்குப்போயி மனுசனைப் பதற அடிக்கணுமா?"

"ரெண்டு தடவை சும்மான்னு தெரிஞ்சுபோச்சுல்லா?" என்றாள் உலகம்மாள். "மூணாந்தடவையும் ஏன் விழுந்தடிச்சு ஓடியாந்திய?"

"ஒருவேளை..." என்று தொடங்கிய பூதலிங்கம் முடிக்கவில்லை. அவள் சிரிப்பும் நின்றது.

ஆசிரியை எழுந்து வந்து காமிராவின் திரையைக் காட்டினார்.

விரிந்த கைகள். முன்னே வளைந்த உடல். திறந்த வாய். தம் கண்களிலிருந்த பீதியைப் பார்த்ததும் பூதலிங்கத்துக்கு ஏதோ போலிருந்தது.

"தெளிவா வந்திருக்கு, இல்லையா?" என்றார் ஆசிரியை.

பூதலிங்கம் கூடத்துக்குச் சென்றார். கவிழ்ந்து கிடந்த படத்தைத் திருப்பினார்.

விரிந்த சிறகுகள். முன்னே தாழ்ந்த உடல். திறந்த அலகு.

அதன் கண்ணை அவர் அன்றுதான் பார்த்தார்.

அடுக்களையிலிருந்து பால் தீயும் நாற்றம் வந்தது. அவர் அசையவில்லை. ஆசிரியைதான் போய் அடுப்பை அணைத்தார்.

திரும்பி வந்தபோது, பூதலிங்கம் போனைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் குரலைத் தேடினார், கண்டுபிடித்தார், அழித்தார். பிறகு ஒரு மாணவனைப் போல நிமிர்ந்து பார்த்தார்.

"திரும்பி வருமா டீச்சர்?"

"தெரியாது. வேற குருவி தன் இடத்துக்கு வந்துட்டுதுன்னு பதறிப்போயிருக்கு."

"நான் ஏதாவது செய்யணுமா?"

ஆசிரியை செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்:

"மணி அடிச்சா ஓடுங்க."

அன்று அவருக்குக் காப்பி கிடைக்கவில்லை.

மார்கழி முடிந்து தை பிறந்தது. மலையிலிருந்து இறங்கும் பனி, பலாமரத்தின் பாதியை விழுங்கிவிட்டு மீதியை விட்டுவைத்தது. பூதலிங்கம் காலையில் வெறுங்கையோடு தோட்டத்தில் உட்கார்ந்தார். தவிட்டுக்குருவிகள் காலடிவரை வந்து சண்டையிட்டன. வாலாட்டிக்குருவி ஒன்று அவருடைய செருப்பை ஆராய்ந்துவிட்டுப் போயிற்று. சருகுகளுக்கிடையே சீழ்க்கை எழவில்லை.

மாலையில் சன்னலுக்குக் கீழேயும் எவரும் குத்தவைக்கவில்லை.

உலகம்மாள் ஏனென்று கேட்கவில்லை. அவர் அதையும் ஒரு தண்டனையாகவே ஏற்றுக்கொண்டார். அவளுக்குக் காட்டிய படத்தை எடுத்து, பீரோவில் வேட்டிகளுக்கு அடியில் வைத்தார். "அதை ஏன் எடுத்திய? கிடந்துட்டுப் போகட்டுமே" என்று மட்டும் அவள் சொன்னாள்.

ஒருநாள் மாலை. பூதலிங்கம் பின்கட்டில் குழாயைத் திறந்துவிட்டு, வெந்நீர்ப் பானையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். குழாய்ச் சத்தத்தில் வேறொன்றும் கேட்கவில்லை.

கிணிங்!

பானை உருண்டது. சாம்பல் கையோடு ஓடினார்.

"என்னளா?"

உலகம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கையைக் காட்டுங்க."

காட்டினார்.

"போன் எங்க?"

"கூடத்துல. சார்ஜ் போட்டிருக்கேன். யாருக்குப் பேசணும்?"

"டீச்சர் வந்திருக்காளா?"

"இல்லையே. ஏன்? மூட்டு வலிக்கா? உனக்கு என்ன வேணும்?"

"ஒண்ணும் வேண்டாம். சன்னலுக்குக் கீழ நீங்கதானோன்னு பாக்கத்தான் அடிச்சேன்."

பூதலிங்கம் சன்னலைப் பார்த்தார்.

"உனக்கு... முந்தியே தெரியுமா?"

"குருவி எங்கயாவது இருமுமா?" என்றாள் அவள். "சத்தம் காட்டாம இங்க உக்காருங்க."

அவர் கட்டிலின் விளிம்பில் அமர்ந்தார். சாம்பல் படிந்த அவருடைய கையை அவள் பற்றிக்கொண்டாள்.

வெளியே, பலாமரத்தடியில், அது மறுபடியும் கூப்பிட்டது.