காமன் எழும் மெட்டு

"காமன் எரியுறப்ப ஊரே அழுவுது, மாஸ்டர். எழுந்திரிக்கிறப்பப் பந்தல்ல ஈ காக்கா இல்ல."

வைரக்கண்ணு இதைச் சொல்லிவிட்டு, டிரம்பெட்டை மடியில் போட்டுக்கொண்டு புங்கமரத்தடியில் உட்கார்ந்தார்.

எதிரே சலேத் மேரி நசுங்கிய குழல் ஒன்றுக்கு ஒடுக்கு எடுத்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்துப் பேண்டு செட்டுக்காரர்கள் எல்லோருக்கும் அவர்தான் மாஸ்டர். சீடரைவிடக் குருவுக்கு வயது குறைவு. அதனால் சீடரை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். திட்டும்போதும் அண்ணேதான்.

பங்குனி பிறந்திருந்தது. புங்கம்பூ ஓயாமல் உதிர்ந்துகொண்டிருந்தது. தரையெல்லாம் பொரி இறைத்த மாதிரி இருந்தது.

வைரக்கண்ணுவின் ஊரில் இளவேனில் வந்தால் காமனுக்கு விழா. ஆமணக்குக் கொம்பை நட்டு, அதுதான் காமன் என்பார்கள். சிவன் கண்ணைத் திறந்ததும் கொம்பு எரியும். ரதி மாரில் அடித்துக்கொண்டு அழுவாள். மூன்றாம் நாள் காமன் எழுவான்.

இரண்டுக்கும் வாசிப்பது வைரக்கண்ணுவின் செட்டு. எரியும் மெட்டில் அவரை அடிக்க ஆளில்லை. எழும் மெட்டு மட்டும் என்ன செய்தாலும் எழாது.

"இந்த வருசமும் சொதப்புனா தஞ்சாவூர் செட்டை வச்சுக்கிறோம்னுட்டாரு நாட்டாமை. அந்தப் பந்தலை விட்டா நான் எங்க போயி நிப்பேன், மாஸ்டர்?"

மனிதர் நிஜமாகவே பயந்து போயிருந்தார்.

"வாசிங்கண்ணே."

வாசித்தார். கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. மரத்திலிருந்த மைனாக்கள் அத்தனையும் பறந்து போயின.

மாஸ்டர் காதைத் தேய்த்துக்கொண்டார். "காமன் எழுந்தானோ இல்லியோ, மைனா எழுந்துடுச்சு."

"கிண்டல் பண்ணாதீங்க."

"சரி. எழுந்த காமன் யாரு கண்ணுக்குத் தெரிஞ்சான்?"

சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கதை இது. "ரதி கண்ணுக்கு மட்டும். மத்தவங்களுக்கு அவன் உடம்பில்லாதவன்."

"நீங்க யாருக்கு வாசிக்கிறீங்க?"

"ஊருக்குத்தான்."

மாஸ்டர் சுத்தியலால் குழலை மெல்லத் தட்டிக்கொண்டிருந்தார்.

"வீட்டுல அண்ணிய எப்படிண்ணே கூப்பிடுவீங்க?"

வைரக்கண்ணுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவள எதுக்குக் கூப்பிடணும்? தண்ணி வேணும்னா செம்பைத் தட்டுவேன். வந்துடுவா."

"அவங்க பேரு?"

"தையல்நாயகி."

சொன்னவர் திடுக்கிட்டுப் போனார். அந்தப் பேரைத் தன் வாயால் சொல்லி எத்தனை காலம் ஆயிற்று என்று அவருக்கே தெரியவில்லை.

மாஸ்டர் எழுந்து வந்தார். டிரம்பெட்டின் விரிந்த வாயை வானம் பார்க்கத் திருப்பினார். ஒரு பிடி புங்கம்பூவை அள்ளி அதற்குள் போட்டார்.

"பூ ஒண்ணுகூட வெளியில வராம வாசிங்க."

வாசித்தார். பூ பறந்து அவர் தலையிலேயே விழுந்தது.

மாஸ்டர் மறுபடி அள்ளிப் போட்டார். மறுபடி பறந்தது. வைரக்கண்ணு மூச்சைக் குறைத்தார். இன்னும் குறைத்தார். வெயில் சாய்ந்தது. தான் விழித்திருக்கிறோமா தூங்குகிறோமா என்று அவருக்குப் புரியாமல் போயிற்று. மேலே பூ உதிர்ந்துகொண்டிருந்தது, குழலுக்குள் பூ நடுங்கிக்கொண்டிருந்தது. எதுவும் வெளியே வரவில்லை.

"சத்தமே இல்லியே, மாஸ்டர்."

"அப்படியா?"

வைரக்கண்ணு அண்ணாந்து பார்த்தார். மைனாக்கள் எல்லாம் திரும்பி வந்து, தலையைச் சாய்த்துக்கொண்டு கிளையில் உட்கார்ந்திருந்தன.

காமன் எரிந்த மூன்றாம் நாள் சாயங்காலம். பந்தல் முன்னால் நாட்டாமை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கூட்டத்தில் பாதி, எப்போது கிளம்பலாம் என்று செருப்பைத் தேடிக்கொண்டிருந்தது.

வைரக்கண்ணு பந்தலுக்கும் கூட்டத்துக்கும் சேர்த்து முதுகைக் காட்டினார். தெருக்கோடியில் அவர் வீடு இருந்தது. அதைப் பார்த்து நின்றுகொண்டு டிரம்பெட்டை உதட்டில் வைத்தார்.

"கேக்கலியே" என்றார் ஒருவர்.

"பேசாம இருய்யா, கேக்கும்" என்றார் இன்னொருவர்.

கேட்பதற்காக எல்லோரும் ஓரடி கிட்டே வந்தார்கள். செருப்பைத் தேடியவர்கள் அப்படியே நின்றார்கள். நாட்டாமையின் கை தானாக அவிழ்ந்தது.

ஐந்தே சுரம். திரும்பத் திரும்ப அதே ஐந்து.

தெருக்கோடியிலிருந்து ஒரு பெண் நடந்து வந்தாள். கையெல்லாம் மாவு. கூட்டம் விலகி வழி விட்டது. அவள் யாரையும் பார்க்கவில்லை. அவர் முன்னால் வந்து நின்று, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"கூப்ட்டீங்களா?"