பரிசீலித்தவர்: எபநேசர்

உமையாளிடம் வேலை கற்றுக்கொள்ள வந்தவர்களில் எபநேசர்தான் வயதில் மூத்தவர். உமையாளைவிடவே பத்து வயதுக்கு மேல் பெரியவர். தெரியாததைத் தெரியவில்லை என்று கேட்க அவர் கூச்சப்பட்டதே இல்லை. அவர் "மேடம்" என்பார், உமையாள் "சார்" என்பார். மதுரையில் ஒரு மாடி அறையில் உமையாளின் மென்பொருள் குழு உட்கார்ந்து வேலை செய்தது.

மென்பொருள் எழுதுகிறவர்கள் ஒவ்வொரு மாற்றத்தையும், யார் செய்தது, யார் சரிபார்த்தது என்பதோடு சேமித்து வைப்பார்கள். பழையது எதுவும் அழியாது. சில சமயம் அதுவே வினையாகிவிடும். வெளியே தெரியக் கூடாத கோப்பு ஒன்று தவறி உள்ளே போய்விட்டால், இன்றைக்கு அழித்தாலும் பழைய பிரதிகளில் அது இருக்கும். அப்படிப்பட்ட கோப்பை, அது என்றைக்குமே இல்லாததுபோல் வரலாறு முழுவதிலிருந்தும் நீக்கித் தரும் கருவி ஒன்றை உமையாளின் குழு செய்து இலவசமாகக் கொடுத்துவந்தது.

அதில் ஒரு பிழை இருந்தது. 'தொடர்' என்ற கோப்பை நீக்கச் சொன்னால் 'தொடர்பு' என்ற கோப்பையும் சேர்த்து நீக்கிவிடும். குழுவுக்குப் புதிதாக வந்த ரஹ்மத் அதைச் சரிசெய்தாள். காயல்பட்டினத்தில் வீட்டிலிருந்தே வேலை பார்த்தவள். பெயரைக் குத்துமதிப்பாக ஒப்பிடாமல் முழுப் பெயரையும் ஒப்பிடும்படி மாற்றி அனுப்பினாள்.

இன்னொருவர் படித்துப் பார்த்துத் தன் பெயரைப் போட்டால்தான் எந்தத் திருத்தமும் கருவியில் சேரும். அன்றைக்கு எபநேசரின் முறை. எல்லோரும் சாப்பிட எழுந்துவிட்டார்கள். அவர் முதல் பக்கத்தைப் பார்த்தார். சுத்தமாக எழுதியிருந்தாள். "பார்த்தேன், சரியாக இருக்கிறது" என்று எழுதிவிட்டு எழுந்துபோனார். திருத்தத்தின் அடியில் 'பரிசீலித்தவர்: எபநேசர்' என்று பதிந்தது.

கணவனிடம் அடிபட்டு வெளியேறிய பெண்களுக்கு அடைக்கலம் தரும் இல்லம் ஒன்று, தன் மென்பொருளை மற்ற இல்லங்களும் பயன்படுத்தட்டும் என்று பொதுவில் வைத்தது. வைக்கும் முன், பெண்கள் இப்போது தங்கியிருக்கும் முகவரிகள் இருந்த 'தொடர்பு' கோப்பை இந்தக் கருவியைக் கொண்டு நீக்கியது. கோப்பு நீங்கவில்லை. 'தொ' என்ற எழுத்தைக் கணினி இரண்டு விதமாக வைத்துக்கொள்ளும். கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் வைக்கும், தனித்தனியாகவும் வைக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கோப்பின் பெயரில் ஒரு விதமும், நீக்கச் சொல்லி இல்லத்தில் தட்டச்சு செய்ததில் இன்னொரு விதமும் இருந்தன. புதிய திருத்தத்துக்கு அவை வேறு வேறு பெயர்கள்.

முகவரியைப் பார்த்து ஒருத்தியின் கணவன் இல்லத்தின் வாசலில் வந்து நின்றான். யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் அங்கிருந்த பெண்கள் எல்லோரும் குழந்தைகளோடு அன்றைக்கே வேறு ஊருக்குப் போக வேண்டியதாயிற்று.

உமையாள் கருவியை உடனே நிறுத்திவைத்தார். இல்லத்துக்கு நேரில் போய்விட்டு வந்து, புதிய திருத்தம் எழுத உட்கார்ந்தார். திருத்தங்கள் எல்லோருக்கும் தெரியும்படி இருக்கும் குழுவின் பொதுப் பக்கத்தில் பலரும் ரஹ்மத்தைத் திட்டித் தீர்த்தார்கள். அரைகுறையாகத் தெரிந்தவர்கள் ஏன் இதில் கை வைக்கிறார்கள் என்று ஒருவர் கேட்டிருந்தார். தவறு தன்னுடையதுதான் என்று ரஹ்மத் ஒரு வரி எழுதினாள். பிறகு எதுவும் எழுதவில்லை.

எபநேசர் எல்லாவற்றையும் படித்தார். ஒவ்வொரு முறையும் தன் பெயர் வருமோ என்று பார்த்தார். வரவில்லை. திட்டியவர்களில் யாரும் அந்தத் திருத்தத்தை அடிவரை படிக்கவில்லை. அவரும் படிக்கவில்லை என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். பொதுப் பக்கத்தில் நாலு வார்த்தை எழுதுவார், அழிப்பார்.

கடைசியில் உமையாளிடம் போய் நின்றார்.

"மேடம், அந்தத் திருத்தத்துக்குக் கீழ என் பேர் இருக்கு."

"இருக்கு."

"நான் அதைப் படிக்கல. படிக்காமலே படிச்சேன்னு எழுதிட்டேன். அது பொய். வரலாற்றில பொய் இருக்கக் கூடாதில்லையா? அந்த ஒரு வரியை எடுத்துடலாம்."

சொல்லும்போது அவருக்கே அது நியாயமாகத்தான் பட்டது. உமையாளின் முகத்தைப் பார்க்க மட்டும் முடியவில்லை.

"எடுக்கலாம். இந்தக் கருவியே அதுக்குத்தானே" என்றார் உமையாள். "எடுக்கிறதுக்கு முன்னாடி என்னத்த எடுக்கிறோம்னு பார்த்துக்கணும். ரஹ்மத் எழுதினதை எனக்கு வாசிச்சுக் காட்டுங்க."

எபநேசர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார். பக்கத்து இருக்கைகளில் தட்டச்சுச் சத்தம் மெல்ல நின்றது. முதல் பக்கம் முடிந்தது. இரண்டாம் பக்கத்தின் நடுவில், பெயர்களை ஒப்பிடும் இடத்துக்கு மேலே, ரஹ்மத் தமிழில் ஒரு குறிப்பு எழுதியிருந்தாள். எபநேசரின் குரல் நின்றுவிட்டது.

"வாசிங்க, சார்."

அவர் வாசித்தார். "ஒரே பெயர் இரண்டு விதமான குறிகளில் வந்தால் இந்த இடம் சரியாக வேலை செய்யுமா? எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. பரிசீலிப்பவர் இதை மட்டும் ஒருமுறை பார்த்துச் சொல்லவும்."

எபநேசருக்குத் திரையிலிருந்து கண்ணை எடுக்கத் தைரியம் வரவில்லை.

"மேடம், இதை நீங்க முன்னாடியே பார்த்திருந்தீங்களா?"

"இன்னைக்குக் காலையிலதான் பார்த்தேன்."

"யார்கிட்டயும் சொல்லலையே."

"நீங்க வருவீங்கன்னு இருந்தேன். சாயங்காலம் வரைக்கும் பார்ப்போம்னு."

அவர் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வரியை எடுப்பதைப் பற்றி அதற்கு மேல் பேசவில்லை. "அந்தப் பொண்ணைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டுடுறேன்" என்றார்.

உமையாள் விசைப்பலகையை அவர் பக்கம் நகர்த்தினார். பொதுப் பக்கத்தில், ரஹ்மத்தின் அந்தக் குறிப்புக்கு நேர் கீழே, பதில் எழுதும் கட்டம் திறந்திருந்தது.

"அவ உங்களை மன்னிப்புக் கேக்கச் சொல்லல, சார். ஒரு கேள்வி கேட்டிருக்கா. எல்லாரும் பார்க்கிற மாதிரி பதில் எழுதுங்க."